ஒன்றரை நாள் நாற்றம்

வியாழக்கிழமை காலை ஆறு பத்துக்குப் பூ விரிந்தது.

நாலு வருடம் காத்திருந்த பூ. தபாலில் வந்தபோது கிழங்கு எலுமிச்சம்பழ அளவு. சேனைக்குத் தூரத்துச் சொந்தம். ஆண்டுக்கு ஒரே ஒரு இலை விடும். பிறகு வெறும் மண்ணாகக் கிடக்கும். இந்த வருடம் இலைக்குப் பதில் முழ நீளத் தண்டும் கருஞ்சிவப்பு மடலும் வந்தன. விரிந்தபின் செத்த எலி போல நாறும், ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள். கிழங்கோடு வந்த தாளில் போட்டிருந்தது. அவளுக்கு அது மனப்பாடம்.

தொட்டி அவள் கதவுக்கும் எதிர்வீட்டுக் கதவுக்கும் நடுவே, படிக்கட்டு ஜன்னலோரம் இருந்தது. எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் தனியாக இருந்தார்.

“என்ன தங்கச்சி, ராஜகுமாரன் இன்னும் எழுந்திரிக்கலையா?” என்று போகும்போதும் வரும்போதும் கேட்பார். “எழுந்தா முதல்ல என்னைத்தான் கூப்பிடணும், ஆமா.”

அவள் அவரைத்தான் முதலில் கூப்பிட்டாள். கதவைத் தட்டினாள். பதில் இல்லை. கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

முந்தின நாள் சாயங்காலம் சின்னதாக ஒரு உரசல். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“வயித்தைப் புரட்டுதும்மா. என்னவோ மாதிரி இருக்கு.”

“இன்னும் விரியவே இல்ல, அதுக்குள்ள மூக்கைச் சுளிச்சா எப்படிண்ணே? ரெண்டு நாள் பொறுத்துக்கிட்டா குடியா முழுகிடும்?”

அவர் எப்போதும்போல் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிச் சொல்லவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வியாழன் முழுக்கக் கட்டிடமே மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்தது. “இந்தக் கண்றாவிக்கா நாலு வருஷம் தண்ணி ஊத்தின?” என்றாள் மேல்வீட்டு டீச்சர். பூக்காரிக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

வெள்ளி இரவு மடல் தொங்கிவிட்டது. சனிக்கிழமையும் படிக்கட்டு நாறியது. ஞாயிறு இன்னும் அதிகம்.

“உன் பூ எப்பதான் ஓயும்?”

“இன்னிக்கோட போயிடும் டீச்சர்.”

டீச்சர் போனபின் குனிந்து மடலை முகர்ந்தாள். ஈர மண் வாசனை மட்டும் வந்தது. நிமிர்ந்தாள். சுவரில் ஒட்டியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாலு வருடம் காக்கவைத்தது நாலு நாளாவது இருக்கட்டுமே என்றும் ஒரு ஆசை.

திங்கள் காலை தொட்டியில் ஒரு ஈ கூட இல்லை. எல்லாம் எதிர்வீட்டு நிலைப்படியில் மொய்த்தன.

வீட்டுச் சொந்தக்காரர் வந்து பூட்டை உடைத்தார். மாரடைப்பு, புதன்கிழமையே போயிருக்கிறார் என்றார் டாக்டர்.

“முன்னாடியே வயித்தைப் புரட்டியிருக்குமே. யார்கிட்டயும் சொல்லலையா? அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா பார்த்திருக்கலாம்.”

வீட்டுச் சொந்தக்காரர் உதட்டைப் பிதுக்கினார். அவள் தொட்டியைப் பார்த்தாள். புதன்கிழமை பூ விரியவில்லை. துளி நாற்றம் கிடையாது.

செவ்வாய்க்கிழமை அவர் மகள் ரயிலில் வந்து இறங்கினாள். அப்பாவின் சட்டைகளை மடித்துப் பையில் வைத்தாள். பாதியில் எழுந்து வெளியே வந்தாள். தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

“எப்ப போன் பண்ணினாலும் உங்களைப் பத்தித்தான் பேசுவார் அத்தை. புதன்கிழமை உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?”