வயிற்றுப் பக்கம் கறுப்பு

பாறைக் கிடங்கில் கோடு போடுவது என் வேலை. துளைக்கருவி பூமிக்குள் இறங்கிப் பாறையை உருளை உருளையாக எடுத்து வரும். மேல்முனை இடக்கைப் பக்கம் இருக்கும்படி அதை நீளப் பெட்டியில் அடுக்கி, நீளவாக்கில் இரண்டு கோடு இழுப்பேன். வயிற்றுப் பக்கம் கறுப்பு, அப்பால் சிவப்பு. பிறகு யார் எந்தத் துண்டை எங்கே எடுத்துப் போனாலும், சிவப்பு வலப்பக்கம் வருகிற மாதிரி நிமிர்த்திப் பிடித்தால் மேல் எது, கீழ் எது என்று தெரிந்துவிடும். இதில் என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்களைப் பத்தொன்பது வருடமாக முறைத்துக்கொண்டிருக்கிறேன்.

எண்பத்தேழாம் பெட்டியை ஒரு வருடமாக எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அதிலிருந்து என் தங்கை ஒரு சாண் நீளத் துண்டை மேல்மாடி ஆய்வகத்துக்குக் கொண்டுபோயிருந்தாள். முழுக்கக் கறுப்பு மண்பாறை. நடுவில் குறுக்காக ஒரு கோடு. பழைய கடல் ஒன்று வண்டலைக் கொட்டிவிட்டு வற்றிப்போய், வெகுகாலம் கழித்து வேறொரு கடல் அதன்மேல் வந்து கொட்டிய இடம் அது. கோட்டுக்குக் கீழே நூற்றுத் தொண்ணூறு கோடி வருடம், மேலே அறுபது கோடி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கீழ்ப்பாதியில் அவள் நகக்கண் அளவு ஓர் உயிரின் தடத்தைக் கண்டுபிடித்தாள். ஒரு முனையில் தரையைப் பற்றிக்கொள்ளும் பிடிப்பு, மறுமுனையில் கிளை.

“அந்தக் காலத்துல எல்லாம் ஒத்தை ஒத்தை செல்லா மிதந்துக்கிட்டு இருந்துச்சுன்னுதான் நினைச்சோம். இது பாரு, வேலையைப் பிரிச்சுக்கிட்டிருக்கு. சில செல் பிடிச்சுக்கும், சில செல் வளரும். நம்ம வீடு மாதிரி” என்றாள்.

நான் படிப்பை நிறுத்திவிட்டு இந்தக் கிடங்குக்கு வந்தது அவள் படிக்கத்தான். அதை நாங்கள் பேசுவதில்லை. ஆய்வகத்தில் அந்தத் தடத்துக்கு அவள் வைத்த செல்லப்பெயர் ‘அக்கா’. “உங்க அக்கா சாப்பிட்டாச்சா?” என்று கூட இருப்பவர்கள் அவளைக் கிண்டல் செய்வார்கள். ஒன்பது வருடம் தற்காலிகமாகவே தொங்கிக்கொண்டிருந்த அவளுடைய வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொன்னதும் இந்தத் தடத்தைப் பற்றி அவள் எழுதிய கட்டுரையை வைத்துத்தான்.

திங்கட்கிழமை வெளியிலிருந்து ஒரு குழு பெட்டியைப் பார்க்க வருகிறது, துடைத்து வை என்றார் மேலாளர். வெள்ளிக்கிழமை காலை பெட்டியை இறக்கி மேசையில் வைத்து ஈரத்துணியால் துடைத்தேன். தூசி போனதும் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. பெட்டியில் ‘மேல்’ என்று எழுதிய ஓரம் இடக்கைப் பக்கம்தான் இருந்தது. ஆனால் என் வயிற்றுப் பக்கம் இருந்தது சிவப்பு.

எண்பத்தாறைப் பார்த்தேன், எண்பத்தெட்டைப் பார்த்தேன். இரண்டும் சரி. எண்பத்தேழு முழுக்க மாறியிருந்தது. அப்புறம் அந்த நாள் ஞாபகம் வந்தது. நல்ல மழை. நான் எப்போதும் நிற்கிற இடத்தில் கூரை ஒழுகியது. அடுக்கி முடித்த பெட்டியைத் திருப்பாமலே, நனைய முடியாது என்று மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்று கோடு போட்டேன். வயிற்றுப் பக்கம் கறுப்பு, அப்பால் சிவப்பு. பாழாய்ப்போன கை, பழக்கப்படி போட்டுவிட்டது.

மேல்மாடிக்கு போன் செய்தேன். “அந்தத் துண்டை எடுத்துக்கிட்டுக் கீழ வா.”

“திங்கக்கிழமைக்குத்தானேக்கா?”

“வாடின்னா வா.”

வந்தாள். பெட்டியைக் காட்டினேன். துண்டு இருந்த இடத்தில் வைத்திருந்த மரக்கட்டையை எடுத்தாள். தான் நம்பியிருந்த மாதிரி, தடம் இருக்கும் பாதி கீழ்முனைப் பக்கம் வரும்படி துண்டை வைத்தாள். உடைந்த முனை பக்கத்துத் துண்டோடு சேராமல் இளித்துக்கொண்டு நின்றது. திருப்பி வைத்தாள். பல்லோடு பல் பொருந்தி உட்கார்ந்துவிட்டது.

‘அக்கா’ குறுக்குக் கோட்டுக்கு மேலே இருந்தது.

“அறுபது கோடியிலயும் இது பெரிசுதானே?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

“அந்தக் காலத்துல இது மூட்டை மூட்டையாக் கிடக்குக்கா.”

“யாருக்கும் தெரியாதுடி. நான் வாயைத் திறக்க மாட்டேன், நீயும் திறக்காதே. இந்தப் பெட்டியில இருக்கறதை மட்டும் அப்படியே தலைகீழாத் திருப்பி அடுக்கிட்டா…”

“பொருந்திடுச்சேக்கா” என்றாள். துண்டிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

என் மேசையிலேயே உட்கார்ந்து, கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் எழுதினாள். எட்டிப் பார்த்தேன். துண்டின் திசையைத் தான் தவறாகக் கணித்துவிட்டதாக எழுதியிருந்தாள்.

“கோடு போட்டவ நான்னு எழுது! என் பேரைப் போடு!” என்று கத்தினேன்.

“உலகத்துல யார் போட்ட கோடா இருந்தாலும் ஒரு தடவை சரிபார்த்திருப்பேன். நீ போட்டதுன்னு பார்க்காம விட்டேன். அது என் தப்பு” என்றாள்.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் இன்றைக்கு எனக்குக் கொஞ்சமாவது சோறு இறங்கும்.

திங்கட்கிழமை யாரும் வரவில்லை. மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தம் முடிந்தது, நீட்டிக்கவில்லை. இப்போது ஊரின் மறுகோடியில் ஒரு கட்டுமான நிறுவனத்தில், அஸ்திவாரத்துக்கு மண் தாங்குமா என்று பார்த்துச் சொல்கிறாள். போன் செய்தால் எடுக்கிறாள், நன்றாகவே பேசுகிறாள். பாறையைப் பற்றி மட்டும் கேட்பதில்லை.

மறுபடி மேல்மாடிக்குப் போயிருந்த துண்டு, ஆய்வகச் சீட்டோடு கிடங்குக்குத் திரும்பி வந்தது. இந்தத் தடவை மேசைக்குச் சரியான பக்கம் நின்று அதைப் பெட்டியில் வைத்தேன். சிவப்பு என் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. தின்னர் ஊற்றித் தேய்த்தேன், பிளேடால் சுரண்டினேன். நகம்தான் உடைந்தது. கோடு இம்மியும் அசையவில்லை. தண்ணீருக்கும் தேய்ப்புக்கும் போகாத பெயிண்ட்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கியவள் நான். அதற்காக மேலாளரோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தேன்.