நொச்சிக்கு வெட்டிய கிராப்பு

தெருவில் யாராவது போனால் சலூன்காரரின் கண் முகத்துக்குப் போகாது, நேரே தலைமுடிக்குத்தான் போகும். பக்கவாதம் வந்து வலது கை சொன்ன பேச்சைக் கேட்காமல் போனபிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. கடையைக் கைமாற்றிவிட்டுத் தங்கை வீட்டோடு வந்துவிட்டார். தங்கையும் மாப்பிள்ளையும் முகம் கோணாமல்தான் பார்த்துக்கொண்டார்கள். சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறோமே என்று அவருக்குத்தான் சோறு இறங்கவில்லை.

தங்கைக்கு பஸ் டிப்போவில் டிக்கெட் கவுன்ட்டர் வேலை. டிப்போ வேலியோரம் நொச்சிப் புதர் ஒன்று ஊதாப்பூவும் தேனீயுமாக நிற்பதைப் பார்த்துவிட்டு, ஒரு குச்சியை ஒடித்து வந்து பின்வாசல் மதிலோரம் நட்டாள். சிமென்ட் பூசாமல் மிச்சமிருந்த மண் அவ்வளவுதான்.

"இந்த மண்ணுலயே பொறந்த செடிண்ணா. தண்ணி ஊத்த மறந்தாலும் கோவிச்சுக்காது. பூத்துச்சுன்னா தேனீ, பட்டாம்பூச்சி எல்லாம் தானா வரும் பாரு."

செடி மளமளவென்று மதிலைத் தாண்டியது. தங்கைக்குப் பெருமை பிடிபடவில்லை. மருந்தடிக்க விடமாட்டாள், உதிர்ந்த இலையைக் கூட்டவும் விடமாட்டாள். பூச்சிக்கு ஒதுங்க இடம் வேண்டுமாம். சலூன்காரருக்கோ ஜன்னலைத் திறந்தாலே எரிச்சல். மாசக்கணக்காகச் சீப்புப் படாத தலை மாதிரி அது எந்நேரமும் எதிரே நின்றது.

ஒருநாள் இருவரும் வேலைக்குப் போனதும் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். அது வலது கைக்குச் செய்த கத்தரிக்கோல். இடது கையில் பிடித்தால் இலையை வெட்டாமல் மடக்கியது. கட்டைவிரலை உள்பக்கமாக இழுத்துப் பிடித்தபோதுதான் வழிக்கு வந்தது. அப்புறம் கை நிற்கவில்லை. பக்கவாட்டில் ஒட்ட வெட்டி, உச்சியைச் சமன்செய்து, இரண்டடி பின்னால் தள்ளி நின்று பார்த்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவருக்கு நன்றாகப் பசித்தது.

சாயங்காலம் தங்கை பின்வாசலில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயோ அண்ணா! மொட்டை எல்லாம் வெட்டிட்டியே!"

"மொட்டையா? கிராப்புதானே வெட்டியிருக்கேன்?"

அவள் சிரிக்கவில்லை. தரையில் கிடந்த நுனிகளைப் பொறுக்கிக் காட்டினாள். ஒவ்வொன்றிலும் கடுகு கடுகாக மொட்டு. "இன்னும் ரெண்டு நாள்ல பூத்திருக்கும்ணா," என்று அந்த நுனிகளை முந்தானையில் அள்ளிக்கொண்டாள்.

அதற்கு அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். மறுநாள் பூவைத் தேடி வந்த ஒரு தேனீ செடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. சலூன்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தவர், கூப்பிட்டாலும் எழுந்து வரவில்லை.

ஒரு வாரம் கழித்துத் தங்கைதான் வந்து ஜன்னலைத் திறந்தாள். "எந்திரிச்சுப் பாரு." வெட்டிய இடத்திலெல்லாம் ஒன்றுக்கு இரண்டாகத் தளிர் விட்டிருந்தது. "இனிமே பூ முடிஞ்சப்புறம் வெட்டணும், அவ்வளவுதான். அப்பவும் நீதான் வெட்டணும். ஆனா ஒழுங்கா வெட்டிடாதே, கொஞ்சம் கன்னாபின்னான்னு இருக்கட்டும். அப்பதான் குருவி வரும்."

"கன்னாபின்னான்னு வெட்ட எனக்குத் தெரியாதே!" என்றார். ஆனாலும் எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டார். சில வாரத்தில் அத்தனை நுனியிலும் பூ. தேனீக்களின் ரீங்காரம் அடுப்படிவரை கேட்டது.

பூ ஓய்ந்ததும் கத்தரிக்கோலோடு இறங்கினார். வராத வலது கையால் கிளையைத் தாங்கிக்கொண்டு, இடது கையால் வெட்டினார். பாதிச் செடி முடிந்திருக்கும், உள்ளே நாரும் வேருமாகக் கிண்ணம்போல ஒரு கூடு. மதில்மேல் கொண்டைக்குருவி ஒன்று கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு அவரைக் கண்டபடி ஏசியது. அவர் மூச்சுக் காட்டாமல் பின்வாங்கினார்.

அந்தப் பக்கம் யார் போனாலும் உள்ளே அழைத்துவிடுவார். கொடிக்கயிறு செடியை ஒட்டிப் போகிறது என்று அதையும் அவிழ்த்தாயிற்று. குஞ்சு பொரித்த பிறகு பின்வாசல் கதவையே திறக்கவிடவில்லை. ஈரத்துணியெல்லாம் கூடத்தில் தொங்கியது.

பாதி மொட்டையும் பாதிக் காடுமாக நின்ற செடியைப் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்து, "யாருங்க இப்படி வெட்டினது?" என்றார்கள். "நான்தான்," என்றார் சலூன்காரர் நெஞ்சை நிமிர்த்தி.

மாப்பிள்ளை சாப்பிட உட்கார்ந்தார். தலைக்கு மேலிருந்து சட்டை நுனி தட்டில் சொட்டியது.

"மச்சான், இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து?"

"றெக்கை முளைச்சதும் அதுங்க போயிடும் மாப்பிள்ளை. அதுவரைக்கும் கொஞ்சம் தள்ளி உட்காருங்க," என்று சலூன்காரர் தட்டை நகர்த்தி வைத்தார்.