ஜனவரித் தக்காளி

"சவத்து மூதிகளா, வளர்ந்துதான் தொலைங்களேன்!"

கிருபாராணி கத்தியது மனிதர்களைப் பார்த்து அல்ல. அமெரிக்காவில், பிஸ்கட்டவே ஊரில், தன் வீட்டின் பேஸ்மென்ட்டில், காலி ஐஸ்கிரீம் டப்பாக்களில் நின்ற நாற்றுகளைப் பார்த்து. கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே முளைத்தவை. முளைத்தபோது என்ன ஜோராக இருந்தன! இப்போது ஜனவரி பாதி போய்விட்டது. தண்டு நூலாய் இழுத்துக்கொண்டு, இலை வெளிறிப்போய், யாராவது தும்மினால் சாய்ந்துவிடும் போல் நின்றன.

அவள் செய்யாத பணிவிடை இல்லை. துணி காயப்போடும் கயிற்றில் இரட்டை டியூப்லைட்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது போட்டால் படுக்கப்போகும் வரை எரியும். தரை ஜில்லென்று இருக்கிறதே என்று டப்பாக்களுக்கு அடியில் பழைய ஜமுக்காளத்தை மடித்துப் போட்டாள். அரிசி களைந்த தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள். முட்டை ஓட்டை நுணுக்கிப் போட்டுப் பார்த்தாள். வெளியிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கக் கூடாதென்று ஜன்னலில் கிறிஸ்துமஸ் பரிசு சுற்றுகிற சிவப்புக் காகிதத்தை ஒட்டியிருந்தாள். இவ்வளவும் செய்து, இந்த மூதிகள் ஒரு இலை கூடுதலாக விட்டனவா? இல்லை.

அவை கஞ்சாச் செடிகள். தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத் ஊர் உபதேசியார் மகள், பிஸ்கட்டவே தமிழ் ஜெப ஐக்கியத்தில் ஞாயிறுதோறும் முதல் பாட்டை எடுத்துக் கொடுப்பவள், நியூ ஜெர்சி அரசாங்கம் லைசென்ஸ் கொடுத்த நர்ஸ், வீட்டுக்கு அடியில் கஞ்சா வளர்க்கிறாள். சொன்னால் ஊர் சிரிக்கும். சிரித்தால் சிரிக்கட்டும் போ என்கிற இடத்துக்கு அவள் வந்து வெகுநாளாகிவிட்டது.

காரணம் மாடியில் படுத்திருந்தது. அவள் புருஷன் பால்துரைக்கு லிம்ஃபோமா, நிணநீர்ப் புற்றுநோய். டாக்டர் ஒன்றும் கையை விரிக்கவில்லை. கீமோவை முழுசாக முடித்தால் பிழைத்துக்கொள்ள நல்ல வாய்ப்பு இருக்கிறது, பாதியில் விட்டால் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். மே மாதம் வரைக்கும் கீமோ ஊசி போட வேண்டியிருந்தது. ஆனால் ஒவ்வொரு ஊசிக்கும் பிறகு மனுஷன் குடலே வெளியே வந்துவிடும்படி வாந்தி எடுத்தார். வாந்திக்குக் கொடுத்த மாத்திரையையும் சேர்த்து வாந்தி எடுத்தார். ஆறடி உயரத்தில், மருந்துக் கம்பெனி லேபரட்டரியில் எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தவர், இப்போது ஒரு கரண்டி கஞ்சியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவளுடைய வார்டில் கூட வேலை பார்த்த டோரத்திதான் அந்த யோசனையைக் காதில் போட்டாள். கீமோ எடுக்கிற சில பையன்கள் ரகசியமாகப் புகைத்துவிட்டு வந்து பசிக்கிறது என்று கேட்டுச் சாப்பிடுவதை கிருபாராணியும் கண்ணால் பார்த்தவள்தான். டோரத்தியின் தம்பியிடம் கொஞ்சம் வாங்கலாம் என்றிருந்தபோது அவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. அவன் விட்டுப்போன விதைகள் மட்டும் ஒரு ஃபிலிம் ரோல் டப்பாவில் அவள் கைக்கு வந்தன. புருஷனுக்குத் தெரிந்தால் விடமாட்டார். அதனால் தக்காளி நாற்று என்று சொல்லி வைத்தாள். வளர்ந்ததும் கறிவேப்பிலைத் துவையலோடு சேர்த்து அரைத்துக் கொடுத்துவிடலாம் என்பது திட்டம். கஞ்சி இறங்கக் கஞ்சா, அவ்வளவுதான்.

செடிக் கடைக்காரனிடமும் அதே தக்காளிப் பொய்தான். முதல் தடவை போனபோது அவன் ஒரு உரத்தைத் தலையில் கட்டினான். அதைக் கலந்து ஊற்றியதில் இலை நுனியெல்லாம் கருகிப்போயிற்று. சனிக்கிழமை மறுபடியும் போய் அவனைப் பிடிபிடியென்று பிடித்தாள்.

"ஜனவரியில் தக்காளியா?" என்று அவன் அவளுடைய நர்ஸ் கோட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தான். "இந்த மாதிரித் தக்காளி நிறையப் பார்த்திருக்கிறேன், மேடம். தண்டு நீளமாக, இலை மஞ்சளாக இருக்கிறதா? அப்படியானால் வெளிச்சம் போதவில்லை."

"நாள் பூராவும் லைட் எரியுது!"

"எரியவில்லை, மேடம்."

என் வீட்டு லைட் எரிகிறதா இல்லையா என்று எனக்குச் சொல்கிறான், என்ன கொழுப்பு இவனுக்கு! அவள் கடைக்கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அதைவிடப் பெரிய இடி. ஜெப ஐக்கியத்தை நடத்துகிற ஞானமணி ஆன்ட்டி ஒரு பாத்திரம் நிறைய ரசத்தோடு வந்தார். மாடிக்குப் போய்ப் பால்துரையோடு ஜெபம் பண்ணினார். இறங்கி வந்து கிருபாராணியின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி மனசு விட்டுட்டாரும்மா. இனிமே ஊசி வேண்டாம், ஆண்டவர் பாதத்துல விட்டுருதேன்னுட்டாரு. நாமளும் தேவசித்தத்துக்கு ஒப்புக்கொடுத்துரணும், கிருபா."

கிருபாராணிக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. கட்டிய பெண்டாட்டியிடம் சொல்லாததை ஊராரிடம் சொல்லியிருக்கிறார்!

"ஆன்ட்டி, போன வருஷம் கால்ப்ளாடர்ல கல்லுன்னதும் எமர்ஜென்சிக்கு ஓடுனீங்களே, அது யாரு சித்தம்? அன்னைக்கு ஒப்புக்கொடுத்துட்டு வீட்ல கெடக்க வேண்டியதுதான?"

ஆன்ட்டி ரசப் பாத்திரத்தைக்கூடத் திருப்பி வாங்காமல் போய்விட்டார்.

மாடிக்கு ஓடினாள். பால்துரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கேட்டதற்கெல்லாம் ஒரே பதில். "முடியலட்டி. அடுத்த வாரம் திங்கக்கிழமை ஊசிக்கு நான் வரலை." கெஞ்சினாள், திட்டினாள், தலையணையை எடுத்து எறிந்தாள். சுவர் திரும்பிப் பார்த்தாலும் பார்க்கும், அவர் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அந்தச் செடிகள்தான் அவளுக்கு மிச்சம். ஒரு கைப்பிடி இலை கிடைத்தால் போதும், ஒரு வேளைச் சோறு வயிற்றில் நின்றால் போதும், மனுஷனுக்குத் தெம்பு வந்துவிடும், ஊசிக்கு வருவார். அவளுடைய கணக்கு அதுதான். செடியோ வளர மாட்டேன் என்று அடம்பிடித்தது.

புதன்கிழமை காலை வழக்கம்போல டியூப்லைட்டைப் போட்டுவிட்டு, பால்துரையின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஃபிளாஸ்க்கில் கஞ்சியை வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். 287 ஹைவேயில் ஏறிக் கொஞ்ச தூரம் போன பிறகுதான், ஆஸ்பத்திரி பேட்ஜைச் சாப்பாட்டு மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. தன்னையே திட்டிக்கொண்டு அடுத்த எக்ஸிட்டில் இறங்கித் திரும்பினாள்.

டிரைவ்வேயில் காரை நிறுத்தியபோது என்னவோ குறைந்தாற்போல் இருந்தது. என்ன என்று உடனே புரியவில்லை. பிறகு புரிந்தது. பேஸ்மென்ட் ஜன்னல் எப்போதும் கிறிஸ்துமஸ் காகிதத்துக்குள்ளிருந்து செக்கச்செவேலென்று தெரியும். இன்றைக்கு இருட்டாகக் கிடந்தது.

டியூப் ஃபியூஸ் போய்விட்டது, அதுதான் இத்தனை நாளும் விட்டு விட்டு எரிந்திருக்கிறது, கடைக்காரன் சொன்னது சரிதான் என்று எண்ணிக்கொண்டே பனிச் சேறு அப்பிய பூட்ஸோடு வீட்டுக்குள் ஓடினாள். பேஸ்மென்ட் கதவு திறந்திருந்தது. படியின் பாதியில், குல்லாவும் ஸ்வெட்டருமாக, கைப்பிடியைக் கட்டிக்கொண்டு பால்துரை உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கியது. சட்டை முன்பக்கம் வாந்தியில் நனைந்திருந்தது. ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க! இங்க என்ன பண்ணுதீங்க?"

அவள் கீழே பார்த்தாள். டியூப் ஃபியூஸ் போகவில்லை. சுவரில் ஸ்விட்ச் அணைத்திருந்தது. அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்களா?"

"ஆமா."

"தெனமுமா?"

"நீ போனதும் அணைச்சுருவேன். நீ வர்றதுக்குள்ள போட்டுருவேன்."

கிருபாராணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் குரல் வீட்டையே அதிர வைத்தது.

"கஞ்சி குடிக்க டேபிள் வரைக்கும் வர முடியல. பாத்ரூம் போக என் தோளு வேணும். இதுக்கு மட்டும் தெனமும் ரெண்டு வாட்டி படி இறங்கி ஏற முடியுதோ? ஒரு தக்காளிச் செடி மேல அப்படி என்னங்க உங்களுக்கு வயித்தெரிச்சல்?"

"தக்காளின்னு யாருட்ட சொல்லுத? எங்கப்பா ஏட்டையா. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல பிடிச்ச கஞ்சாவையெல்லாம் எங்க வீட்டு மொட்டைமாடியிலதான் காயப்போட்டிருக்கும். சின்னப்பிள்ளையில நான்தான் காக்கா விரட்டுவேன். அந்த இலை எனக்குத் தெரியாதா?"

அவள் படியில் தொப்பென்று உட்கார்ந்தாள். ஒரு கணம் சிரிப்புக்கூட வந்தது. அடுத்த கணம் அது கோபமாகவே திரும்பிற்று.

"தெரிஞ்சா எங்கிட்டச் சொல்லணும். இல்ல, பிடுங்கி எறிஞ்சிருக்கணும். இது என்ன திருட்டுத்தனம்?"

"பிடுங்கினா நீ வேற விதை போடுவ. உன்னை எனக்குத் தெரியாதா? வளரவே இல்லைன்னா நீயே வெறுத்துப்போய் விட்டுருவேன்னு பாத்தேன்." அவர் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "மாட்டுனா உன் லைசென்ஸ் போகும். கிரீன் கார்டைப் பிடுங்கிக்கிட்டு ஊருக்கு ஏத்திவிட்டுருவான். ஜெயில்ல போட்டாலும் போடுவான். எனக்குப் பொறவு உனக்குன்னு இருக்கிறது அந்த வேலை ஒண்ணுதான், கிருபா. போறவனுக்காக நீ ஏன் அதையும் தொலைக்கணும்?"

"யாரு போறவன்?"

அவர் குல்லாவைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"யாருங்க போறவன்? டாக்டர் சொன்னாரா? நான் சொன்னேனா? அந்த ஞானமணி ஆன்ட்டிக்கும் உங்களுக்கும் மட்டும் ஆண்டவரு தனியா போன் பண்ணிச் சொன்னாரா? ஊசி போட்டா பொழைப்பீங்கன்னு வாய் வலிக்கச் சொல்லுதாங்க. நீங்க என்னடான்னா தவழ்ந்து தவழ்ந்து வந்து லைட்டை அணைக்கீங்க. நீங்க அணைச்சது அந்த லைட்டை இல்லங்க. என்னை ஒத்தையாளா ஆக்குறதுக்குத்தான் தெனமும் இந்தப் படி இறங்கியிருக்கீங்க. நீங்க போயிட்டா அந்த லைசென்ஸை வச்சு நான் என்ன பண்ணட்டும்? மாட்டி வச்சு மாலை போடவா? எனக்கு ஜெயிலுக்குப் பயமில்ல. வீட்டுக்கு வந்து ஒத்தைத் தட்டைக் கழுவி வைக்கணுமே, அதுக்குத்தான் பயம்!"

சொல்லிவிட்டு அவள் அழுதாள். அழுகிறோமே என்று அதற்கும் கோபப்பட்டு, கைப்பிடியை ஒரு குத்துக் குத்தினாள். கை வலித்தது.

பால்துரை செடிகள் இருந்த பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இது முழுசா வளர எவ்வளவு நாளாகும்?"

"டோரத்தி நாலு மாசம்னா. நீங்க பண்ணின வேலைக்கு அதுக்கு மேலயும் ஆகும்."

"அதுக்குள்ள ஊசியெல்லாம் முடிஞ்சிருமே, கிருபா."

உண்மைதான். அந்தக் கணக்கு அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒழுங்காக வளர்ந்திருந்தால் கடைசிச் சில ஊசிகளுக்காவது உதவியிருக்கும். இனி இந்தச் செடிகள் ஒன்றுக்கும் ஆகாது. அவள் எழுந்து நின்றாள்.

"முடியட்டும். எனக்கு இனி இதுல ஒரு இலையும் வேண்டாம். நீங்கதான அணைச்சீங்க? நீங்களே லைட்டைப் போடுங்க, நீங்களே தண்ணி ஊத்துங்க, நீங்களே வளருங்க. வளந்த பொறவு உங்க கையாலேயே பிடுங்கிக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க. நான் தொடமாட்டேன். பிடுங்குறதுக்கு நீங்க இருக்கணும். இல்லாமப் போனீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்கமாட்டேன், சொல்லிட்டேன்!"

"போலீஸ் வந்தா?"

"தக்காளின்னு சொல்லுங்க."

பால்துரையின் உதட்டோரம் ஒரு சின்னக் கோணல் வந்தது. பல வாரங்களாக அவள் பார்க்காத கோணல். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தாங்கிக்கொள்ள வந்த அவள் கையைத் தட்டிவிட்டார். ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து கீழே இறங்கினார். சுவரோரமாக நடந்துபோய் ஸ்விட்சைப் போட்டார். டியூப்லைட் இரண்டு தடவை கண்சிமிட்டிவிட்டு எரிந்தது. நோஞ்சான் நாற்றுகள் வெளிச்சத்தில் கூனிக்கொண்டு நின்றன. அவர் அவற்றைக் குனிந்து பார்த்தார்.

"திங்கக்கிழமை எத்தனை மணிக்குக் கெளம்பணும்ட்டி?"

"எட்டு மணிக்கு. முதல்ல அந்தச் சட்டையை மாத்துங்க, நாத்தம் கொடலைப் பிடுங்குது," என்றாள் கிருபாராணி, கோபம் இன்னும் ஆறாமல்.