மூன்று நிறுத்தம் ஓடிய பேருந்தும் நான் திருத்திய கடிதமும்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் விழுந்தது. விழக் காரணமும் நான்தான் என்பதால் யாரையும் திட்ட வழியில்லை.

முதல் தொடக்கம்: "அந்திப் பொன்னொளியில் காலிப் பேருந்து ஒன்று..." (விட்டுவிட்டேன். நடந்தது காலை பத்து மணிக்கு.)

இரண்டாம் தொடக்கம்: பதினாறு வயதுப் பெண் ஒருத்தி டிப்போவில் நின்றிருந்த பேருந்தை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். மூன்று நிறுத்தங்களிலும் ஒழுங்காக நிறுத்தி ஆள் ஏற்றியிருக்கிறாள். நான்காவதுக்கு முன்னால் ஒரு மதில். மதிலைத் தவிர யாருக்கும் அடியில்லை. "என்னைக்கும் இல்லாம அன்னைக்குத்தான் பஸ் நேரத்துக்கு வந்துச்சு" என்று ஒரு பயணி சாட்சி சொன்னார்.

2 (கொஞ்சம் கட்டுரை வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்)

என் அக்கா இளையோர் உதவி மையத்தில் ஆலோசகர். சின்ன வயதில் முதல்முறை தப்பு செய்தவர்களை நேராகக் கோர்ட்டுக்கு அனுப்பாமல் அங்கே அனுப்புவார்கள். மூன்று மாதம் வாராவாரம் வந்து பேச வேண்டும். கடைசியில், பாதிக்கப்பட்டவருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம். அவர் ஏற்றுக்கொண்டால் வழக்கு பதிவாகாது. ஏற்காவிட்டால் கோர்ட்தான்.

இந்தப் பெண்ணுக்கு அக்கா அலையாய் அலைந்து ஒரு மெக்கானிக் பயிற்சியில் இடம் வாங்கி வைத்திருந்தாள். வழக்கு பதிவானால் அந்த இடம் போச்சு. பாதிக்கப்பட்டவர் அந்தப் பேருந்தின் டிரைவர். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனதற்காக அவரை இரண்டு வாரம் வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள்.

3

அக்கா கடிதத்தை என்னிடம் நீட்டினாள். "டேய், கையெழுத்து புரியுதான்னு மட்டும் பாரு. வேற எதுலயும் கை வைக்காத."

நான் எழுத்தாளன். கை வைக்காமல் இருக்க முடிந்தால் வேறு உருப்படியான வேலைக்குப் போயிருப்பேன்.

அந்தப் பெண் எழுதியிருந்தது: "டிரைவர் அண்ணா, தப்புதான். வண்டி சும்மா நிக்குதேன்னு எடுத்தேன். உங்களுக்கு இப்படி ஆகும்னு யோசிக்கவே இல்ல. பிரேக் லேட்டா பிடிக்குது, பாக்கச் சொல்லுங்க."

(மன்னிப்புக் கேட்கிற இடத்தில் வண்டிக்குக் குறை சொல்கிறாளே! நீங்கள் என்றால் விட்டிருப்பீர்களா?)

நான் திருத்தியது: "மதிப்பிற்குரிய ஐயா, என் நெஞ்சக் கூட்டில் குற்றவுணர்வு எனும் பறவை..."*

அக்காவுக்குத் தெரியாமல் அவளை உட்கார வைத்து, அவள் கையாலேயே படியெடுக்க வைத்தேன். "சார், இதுல பஸ்ஸே இல்லையே?" என்றாள். "அது உள்ளுறையா இருக்கும்மா" என்றேன்.

* மீதியை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. பறவை இரண்டு பக்கம் பறந்தது.

4

மையத்தில் கூட்டம். மேசையைச் சுற்றி டிரைவர், ஓர் அதிகாரி, அக்கா, அந்தப் பெண். ஓரத்து நாற்காலியில் நான். டிரைவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார்.

"ஏம்மா, இந்தப் பறவை எந்த ஸ்டாப்புல ஏறுச்சு?"

அதிகாரி சிரித்துவிட்டார். டிரைவர் சிரிக்கவில்லை. "ரெண்டு வாரம் என் பிள்ளைங்க முகத்தைப் பாக்க முடியாம உக்காந்திருந்தேன். என்கிட்ட மன்னிப்புக் கேக்கறதுக்குக்கூட வேற ஆளா? யாரு எழுதிக் குடுத்தது?"

அவள் என் பக்கம் திரும்பவேயில்லை. "நான்தான் எழுதினேன்."

நான் அப்போது தரையில் எத்தனை ஓடு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தாறு.

"இதுல பொய் வேற" என்றார் டிரைவர். அதிகாரி அதையும் குறித்துக்கொண்டார். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு இறுதி முடிவு என்றார்.

வெளியே வந்ததும், ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன். "மேடத்துக்குப் பிரச்சனை ஆகும்ல சார்? நான் பேசறதை முழுசா கேட்டது அவங்க ஒருத்தங்கதான்."

அக்கா என்னைத் தனியாகப் பிடித்தாள். "உள்ளேயே சொல்லியிருப்பேன்டா. நீயா எந்திரிப்பேன்னு பாத்தேன்." அவ்வளவுதான் சொன்னாள். நாலு அறை விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

5

முடிவுகள் சில வைத்திருக்கிறேன்.

(அ) நான் வீறுகொண்டு எழுந்து உண்மையை முழங்க, அறையே கண்ணீரில்... (நான் எப்படிப்பட்டவன் என்று மேலே பார்த்துவிட்டீர்கள். நம்பமாட்டீர்கள்.)

(ஆ) மனமிளகிய டிரைவர் அவளை டிப்போவுக்கு அழைத்துப்போய் ஸ்டியரிங்கைக் கையில் கொடுக்க... (இந்த முறை அவரை மொத்தமாகவே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.)

இதுவரை எழுதியதை அவளிடம் கொடுத்தேன். இரண்டு இடத்தில் சிரித்தாள். அப்புறம் தாள்களை மடித்து நீட்டினாள்.

"நல்லாத்தான் இருக்கு சார். ஆனா நீங்க ஓடு எண்ணினது கதை படிக்கிறவங்களுக்கு எதுக்கு? டிரைவர் அண்ணாவுக்கில்ல தெரியணும்?"

எனக்கு வெட்கமாக இருந்தது.

6

டிரைவர் அண்ணா, அந்தக் கடிதத்தை எழுதியது நான். அவள் எழுதியதை அடித்துவிட்டு எழுதினேன். நீங்கள் கேட்டபோது பக்கத்திலேயே இருந்தும் வாயைத் திறக்கவில்லை. பயம். அவள் சொன்ன பொய் என்னால் வந்தது. அவள் முதலில் எழுதியதை ஓர் எழுத்தும் மாற்றாமல் இதோடு வைத்திருக்கிறேன். தயவுசெய்து அதைப் படியுங்கள்.

திங்கட்கிழமை, பத்து ஐம்பது. கதவுக்கு வெளியே பெஞ்சில் அவளும் நானும். உள்ளே டிரைவர் வந்து உட்கார்ந்துவிட்டார், இரண்டு கடிதமும் அவர் கையில். அவர் ஏற்றுக்கொண்டார் என்று ஒரு வரி எழுதிவிட விரல் துடிக்கிறது. அவர் சொல்ல வேண்டியதையும் நானே எழுதினால் எனக்கு இன்னும் புத்தி வரவில்லை என்று அர்த்தம். உங்களுக்கு வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவள், "போதும் சார், குடுங்க" என்று பேனாவுக்குக் கை நீட்டுகிறாள். கொடுத்துவிடுகி—