சொன்னதற்கு எந்த இங்கிலீஷ்?

'மென்ஷன்ட்' என்று சொன்னால் போதும் என்று எச்.ஆர். குருமூர்த்தி கதவுக்கு வெளியிலேயே என் காதில் ஓதிவிட்டார். தகடு அழுத்தும் பிரஸ் லைனில் வேலை செய்யும் பவளம் பேசுவதை, விபத்தை விசாரிக்க வந்த வெளிநாட்டு ஆடிட்டருக்கு இங்கிலீஷில் எடுத்துச் சொல்ல வேண்டிய வேலை என் தலையில் விழுந்திருந்தது. டிரெயினி என்றால் எதை வேண்டுமானாலும் தள்ளிவிடலாம் போல.

பவளத்தின் வலது கையில் இரண்டு விரல்கள் பிரஸ்ஸில் நசுங்கிவிட்டன. கை உள்ளே போனால் மிஷினை நிறுத்த வேண்டிய சென்சார் வேலை செய்யவில்லை. அதைப் பேச்சுவாக்கில் சொன்னாள், அப்புறம் கவனமில்லாமல் அவளே ஓட்டினாள் என்பது கம்பெனியின் கட்சி. அந்தக் கட்சி எடுபட்டால் பவளத்துக்கு வேலை போய்விடும். எடுபடாவிட்டால் சூப்பர்வைசர் ஆனந்தராஜ் மாட்டிக்கொள்வார். அவர் என் கூடப்பிறந்த அக்காவின் வீட்டுக்காரர். அடக் கடவுளே, இந்த நாற்காலியில் உட்கார நான்தானா கிடைத்தேன்!

"சென்சார் வேல செய்யலன்னு சார்கிட்ட சொன்னனுங்க" என்றாள் பவளம்.

எதிரே உட்கார்ந்திருந்த ஆனந்தராஜ் மாமா உட்பட எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். மென்ஷன்ட் என்றால் போகிற போக்கில் காதில் போட்டது. வார்ன்ட் என்றால் ஆபத்து என்று எச்சரித்தது. தமிழில் இரண்டுக்கும் அவள் 'சொன்னேன்' என்றுதான் சொல்வாள்.

"எப்படிச் சொன்னீங்கக்கா?" என்று கேட்டேன். கேட்டதை மட்டும் மொழிபெயர்க்கச் சொல்லிக் குருமூர்த்தி முறைத்தார்.

"மிஷின நிறுத்திட்டுதான் சொன்னன். யாரு கையாவது போயிரும், நான் ஓட்ட மாட்டன்னு சொன்னன். லோடு போவணும், ஓட்டுன்னாரு."

பேச்சுவாக்கில் சொல்கிறவள் மிஷினை நிறுத்துவாளா?

"ஷி வார்ன்ட் ஹிம்" என்றேன். மீதியையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

டிரெயினிக்கு இங்கிலீஷ் போதாது, மென்ஷன்ட் என்பதைத்தான் தப்பாகச் சொல்கிறாள் என்று குருமூர்த்தி குறுக்கே விழுந்தார். ஆடிட்டர் மாமாவின் பக்கம் திரும்பி, வார்ன் பண்ணினாளா என்று கேட்டார். அதை மாமாவுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பிரஸ்ஸிலும் சிவப்பு எழுத்தில் ஒட்டியிருக்கிற வார்த்தைதான்.

மாமா என்னைத்தான் பார்த்தார். "என்ன சொல்லட்டும் ஹரிணி?"

"நடந்ததச் சொல்லுங்க மாமா."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எஸ் சார்" என்றார்.

என்ன சொன்னார் என்று பவளம் கேட்டாள். ஒத்துக்கொண்டார், உங்கள் மேல் தப்பில்லை என்றேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள்.

மறுபடி கூப்பிடும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று மாமாவிடம் அங்கேயே சொல்லிவிட்டார்கள். ஜூஜுவாடியில் இருக்கிற அக்கா வீட்டுக்கு நான் தினமும் அவர் பைக்கில்தான் போவேன். அன்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நிறுத்தினார். ஏறச் சொல்லவில்லை. திட்டவும் இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"நீ பஸ்ல போயிடு கண்ணு" என்றார். "நான் கொஞ்ச நேரம் எங்கயாச்சும் இருந்துட்டு வர்றேன். உங்கக்காகிட்ட நீயே சொல்லிடு."