வாஸ்து பார்த்த டிராம்

வைகுண்டராஜ் முதலாளிக்கு ராஜபாளையத்தில் நூற்பாலை உதிரிப்பாகம் செய்யும் பட்டறை. அதைச் செய்துகொண்டு சும்மா கிடந்திருக்கலாம். நகரத்துக்கு டிராம் செய்து விற்கிறேன் என்று கிளம்பினார். மாதிரிக்கு ஒரே ஒரு வண்டி, ஓட்டிக் காட்டப் பட்டறை வளாகத்திலேயே கொஞ்சம் தண்டவாளம், ஒரு பிளாட்பாரம். அதிகாரிகள் ஏறிப் பார்த்துச் சரி என்றால் இருபது வண்டிக்கு ஆர்டர். வரைபடம் போட்டது, இரண்டு வருஷம் தூக்கம் கெட்டது எல்லாம் இன்ஜினியர் காளீஸ்வரி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். தான் செய்த வண்டியில் ஜனங்கள் ஏறிப் போவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் அவளுக்கு.

பெயின்ட் காய்வதற்குள் முதலாளி தளவாய்புரத்திலிருந்து வாஸ்துக்காரர் ஒருவரைக் கூட்டிவந்தார். அந்த மகானும் வண்டியை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, மேற்கே வாசல் ஆகாது, அடைத்துவிடு என்றார்.

“மொதலாளி, இது வீடு இல்ல, ஓடுத வண்டி. பிளாட்பாரம் மேற்கதான் இருக்கு. கிழக்க இறங்குனா காம்பவுண்டு சுவருலதான் முட்டணும்.”

“அதெல்லாம் பாத்துக்கிடலாம்மா.”

மேற்கு வாசலில் தகடு வைத்து வெல்டு அடித்தார்கள். பாத்துக்கிடலாம் என்றவர் கடைசிவரை எதையும் பார்க்கவில்லை.

அதிகாரிகள் நாலு பேர் வந்தார்கள். மாலை, சால்வை எல்லாம் வாங்கிக்கொண்டு, பிளாட்பாரத்தில் தகட்டைப் பார்த்தபடி நின்றார்கள். முதலாளிக்கு முகம் செத்துப்போனது.

“ஏம்மா, வண்டியத் திருப்பி நிப்பாட்டு!”

“தண்டவாளத்துல நிக்குது மொதலாளி. மாட்டுவண்டியா, திருப்புததுக்கு?”

ஓர் அதிகாரி சிரித்துக்கொண்டே கார் சாவியை எடுத்தார். காளீஸ்வரி பட்டறைக்குள் ஓடினாள். கட்டிங் மெஷினைத் தூக்கிவந்து, யாரையும் கேட்காமல் தகட்டை அறுத்துத் தள்ளினாள். அதிகாரிகள் டீ டம்ளரோடு ஏறினார்கள். வண்டி முந்நூறு மீட்டர் போய்த் திரும்பி வந்து, அவர்கள் கையிலிருந்த டீ சிந்தாமல் நின்றது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“அருமைம்மா. ரெண்டு பக்கமும் வாசல் வச்சு இருபது வண்டி செய்யுங்க,” என்றார் மூத்த அதிகாரி.

வண்டியில் ஏறாமல் கீழேயே நின்றிருந்த முதலாளி நெஞ்சில் கைவைத்தார்.

“மேற்கு வாசல் வச்ச வண்டி எம் பட்டறைய விட்டு வெளிய போகாது சார். எங் குடும்பம் விளங்காது.”

எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். காளீஸ்வரி கெஞ்சியே பார்த்தாள். மனிதர் அசைந்தால்தானே. வந்தவர்கள் போய்விட்டார்கள். கார் கிளப்பிய புழுதிகூட அடங்கவில்லை, அதற்குள் முதலாளி அவளைக் கூப்பிட்டார்.

“அந்தத் தகட்ட மறுபடி ஒட்டிரும்மா.”

காளீஸ்வரி வெல்டிங் கண்ணாடியை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

“நான் வீட்டுக்குப் போறேன், இனி வரமாட்டேன். நீங்களே ஒட்டுங்க மொதலாளி. கிழக்க பாத்து நின்னு ஒட்டுங்க, குடும்பம் விளங்கும்.”