பத்து டிகிரிக்கு முடிந்த பேரம்

நெதர்லாந்தின் லேவார்டன் நகர மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ் ஹிஸ்கேவுக்கு ஒரே தலைவலிதான். அதன் பெயர் வோப்பே.

வயது எண்பத்திரண்டு. ஐம்பது வருஷச் சுருட்டு. வாய் வழியே குழாய், குழாயின் மறுமுனையில் சுவாசக் கருவி. நிமோனியாவை இதற்கு மேல் வெற்றிலை பாக்கு வைத்தா அழைக்க வேண்டும்? தட்டையாகப் படுத்தால் வாயில் ஊறுவதெல்லாம் நுரையீரலுக்கு இறங்கிவிடும். தலைமாடு முப்பது டிகிரியாவது உயர்ந்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் நெஞ்சு சுத்தமாக இருந்தால் குழாயை எடுத்துவிடலாம். இல்லையென்றால் இன்னொரு வாரம் கருவி. அதில் ஒவ்வொரு நாள் கூடக் கூட ஆபத்தும் கூடும்.

கிழவருக்கோ தட்டையாகத்தான் படுக்க வேண்டும். ஹிஸ்கே கட்டிலை உயர்த்திப் பொத்தானைப் பூட்டினாள். அவர் சூடான ரொட்டியில் வெண்ணெய் வழுக்குவதுபோல் வழுக்கி, கால்மாட்டில் போய்ச் சுருண்டார்.

"வோப்பே ஐயா, முப்பது டிகிரி. அவ்வளவுதான் கேக்குறேன்."

பேச முடியாதே! பத்து விரலையும் விரித்துக் காட்டிவிட்டு, அவள் உள்ளங்கையில் பளீரென்று ஓர் அறை விட்டார். மனுஷருக்குத் தெம்பு வந்துவிட்டதே என்ற பூரிப்பில் ஹிஸ்கேயும் திருப்பி அறைந்தாள்.

அவ்வளவுதான். கிழவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் எவ்வளவு கெஞ்சினாலும் உள்ளங்கையைத்தான் காட்டினார்.

மதியம் வந்த அவர் மனைவி அவுக்யே விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! மாட்டு யாவாரி கையைத் திருப்பி அடிச்சியா? சந்தையில அப்படி அடிச்சா பேரம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். பத்து டிகிரிக்கு வித்துட்டியே!"

"ஏதோ உற்சாகத்துல தட்டுறாருன்னு நெனச்சேன்மா."

"முப்பது வேணும்னா தொண்ணூறுல ஆரம்பிக்கணும்டி."

"தொண்ணூறுன்னா நெட்டுக்குத்தா உக்காரணுமே!"

"உக்காரட்டும். கேக்குறதுல என்ன குறைஞ்சுடும்?"

"சரி, இப்ப பேரத்தை முறிச்சுடலாமா?"

"நீ முறிச்சா உன்னை மனுஷியாவே மதிக்கமாட்டார். அவரா முறிக்கணும். எதிராளி சிரிச்சா, ஏமாந்துட்டோமோன்னு அவருக்குத் தூக்கம் வராது. நீ சிரி."

ஹிஸ்கே சிரித்தாள். தலையணையைத் தட்டும்போது சிரித்தாள். அவர் பல்லையும் நாக்கையும் துடைத்துவிடும்போது வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். வோப்பே ஒரு கண்ணைத் திறந்தார். கட்டிலோரம் தொங்கிய எழுதுபலகையைப் பிடுங்கிக் கிறுக்கினார்: 'இவ எதுக்கு இளிக்கிறா?'

"ஒண்ணுமில்ல கிழவா," என்றாள் அவுக்யே. "அந்தத் திரைக்குப் பின்னால ஒரு குதிரை யாவாரி கிடக்கான். பேராசைக்காரன். மல்லுக்கட்டி நாப்பது டிகிரி வாங்கிட்டான். நீதான் பாவம், பத்தோட விட்டுட்டே."

சுவாசக் கருவி கீகீயென்று அலறியது. கிழவர் பலகையில் நாற்பத்தைந்து என்று கிறுக்கிக் கையை நீட்டினார்.

"ஐயோ, கட்டாது ஐயா!" என்று ஹிஸ்கே முகத்தைச் சுளித்தாள். மூன்றாவது அறைக்குத்தான் திருப்பி அறைந்தாள்.

வோப்பே நாற்பத்தைந்தில் மகாராஜா மாதிரி சாய்ந்திருந்தார். ஒரு விரற்கடை வழுக்கவில்லை. காலையில் நெஞ்சு சுத்தம்; குழாய் வெளியே வந்தது. கரகரத்த முதல் பேச்சு:

"திரையை விலக்கு."

விலக்கினாள். காலிக் கட்டில். அதன்மேல் இரண்டு போர்வை மூட்டை.

"குதிரைக்காரன் எங்கடி?"

"வித்தாச்சு," என்றாள் அவுக்யே.

கிழவர் அந்தப் போர்வை மூட்டைகளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஹிஸ்கேயைப் பார்த்து மெல்லக் கையை நீட்டினார்.

அவள் இரண்டு கைகளையும் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டாள்.